தந்தியின் தடிப்பும் தொனியின் வரலாறும்: மிதி உருக்குக் கிற்றார் பற்றிய ஒரு நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவியை ஆக்கியோர், அதனை வாசித்துப் புகழெய்தியோர், அது செய்யப்பட்ட மரம் ஆகியவற்றையே தமக்கு ஆதாரங்களாகக் கொள்வர். தந்தியைப் பற்றி எழுதுவோர் அரியர். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. மரம் நூற்றாண்டுகள் நிலைக்கும். தந்தியோ சில வாரங்களிலே துருவேறி, அறுந்து, கழற்றி எறியப்படும். எறியப்படும் பொருளை எவரும் நூதனசாலையில் வைப்பதில்லை. எனினும், கருவியொன்றிற் பூட்டப்படும் தந்திகளின் தடிப்பு இன்னதென வரையறுக்கும் எண்வரிசை, தந்திகள் அழிந்தபின்னரும் அழியாது நிற்பது. அவ்வெண்வரிசையை ஒரு சாசனம் போலக் கொண்டு வாசித்தால், கருவியின் வரலாற்றில் வேறெங்கும் எழுதப்படாத சில செய்திகளை அது வெளிப்படுத்தும். 'பெடல் ஸ்டீல் கிற்றார்' என வழங்கும் மிதி உருக்குக் கிற்றாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்களுக்கு வாசிக்கப்படும் பத்துத் தந்தி மிதி உருக்குக் கிற்றாருக்கு விற்கப்படும் தந்தித் தொகுதி ஒன்றின் தடிப்புகள், முதலாம் தந்தி தொடங்கி முறையே 13, 15, 11, 14, 17, 20, 26, 30, 34, 38 என அமையும். இவை அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூற்றில் அளக்கப்பட்டவை. செய்வோருக்குச் செய்வோர் ஓரிரு அலகு வேறுபடலாம். தந்திக்கருவி எதனையேனும் அறிந்த ஒருவர் இவ்வரிசையைக் கண்டவுடன் திகைப்பர். மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்குப் படிப்படியாகச் செல்லுவதே எங்குமுள்ள வழக்கம். இங்கோ மிக மெல்லிய தந்தி மூன்றாம் இடத்தில் நிற்கின்றது. அதற்கு முன்னே அதனிலும் தடித்த இரண்டு தந்திகள். இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்பதற்கு முன் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

இக்கருவி மடியிலோ தோளிலோ தாங்கப்படுவதன்று. கால்கள் பூட்டிய நீண்ட பலகை போன்று கிடையாக நிற்கும். வாசிப்பவர் அதன் முன் அமர்ந்து, வலக்கை விரல்களில் அணிந்த மீட்டிகளால் தந்திகளை மீட்டி, இடக்கையிற் பிடித்த பாரமான உருக்குக் கோலைத் தந்திகளின்மேல் வழுக்கிச் சுரம் பிறப்பிப்பர். உருக்குக் கிற்றார் என்ற பெயர் இக்கோலினால் வந்ததேயன்றித் தந்தியினால் வந்ததன்று. மெட்டுகளின்றி வழுக்குகோலால் வாசிக்கப்படும் நமது கோட்டுவாத்தியத்தை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. ஆனால் இதன் தனித்தன்மை வேறோரிடத்தில் உள்ளது. காலால் அழுத்தும் மிதிகளும் முழங்காலால் தள்ளும் நெம்புகளும் குறித்த சில தந்திகளை மட்டும் இழுத்தோ தளர்த்தியோ, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் சுருதியை மாற்றிவிடுகின்றன.

தந்தியின் இயல்பு பற்றிய அடிப்படை விதி பழையது. பிரெஞ்சுத் துறவியான மரின் மெர்சென் 1636இல் அதனை வெளியிட்டார்; நம் மாணவர் க.பொ.த. உயர்தர வகுப்பிற் சுரமானியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கின்றனர். தந்தியின் மீடிறன் அதன் நீளத்துக்கு நேர்மாறு விகிதசமமாகவும், இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமாகவும், ஓரலகு நீளத்தின் திணிவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமமாகவும் அமையும். இவ்விதியிலிருந்து பெறப்படும் முடிவொன்று வாசிப்போர் பலரின் நம்பிக்கைக்கு மாறானது. நீளத்தையும் சுருதியையும் மாற்றாது வைத்துக்கொண்டு தடிப்பை மட்டும் கூட்டினால், வேண்டிய இழுவையும் குறுக்குவெட்டுப் பரப்பும் ஒரே விகிதத்திற் கூடும். ஆகவே ஓரலகுப் பரப்பிலே தாக்கும் விசை, அதாவது தகைப்பு, மாறுவதில்லை. அறுந்துபோகும் தந்திக்குப் பதிலாகத் தடித்த தந்தியைப் பூட்டினால் அறாது என எண்ணுவது இதனாற் பொருந்தாது. உண்மையில், கம்பியை மேலும் மேலும் மெல்லியதாக இழுக்கும்போது உருக்கின் வலிமை சற்றே கூடுவதால், மெல்லிய தந்தியே சிறிது கூடுதலாகத் தாங்கும். தந்தி அறுவதைத் தீர்மானிப்பவை அதன் நீளமும் சுருதியுமே.

இத்தகைய வலிய உருக்குக் கம்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைபொருள். பேர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோர்ஸ்ஃபோல் 1854இல் உரிமம் பெற்ற வெப்பப் பதனிடல் முறை, பியானோவுக்கு மிகு வலிமையுள்ள கம்பியைத் தந்தது. 1866இல் அத்திலாந்திக் கடலின் அடியில் இடப்பட்ட தந்திவடத்தின் கவசமும் அதே தொழிலகத்தின் கம்பியாலானது. கடலடித் தந்திக்கும் இசைத் தந்திக்கும் தாய் ஒருத்தியே என்பது சுவையான செய்தி.

ஹவாய்த் தீவுகளுக்குக் கிற்றார் 1830களில் மெக்சிக்கோவிலிருந்து வந்த மாடு மேய்ப்போரோடு சென்றது. அக்காலக் கிற்றார்கள் நரம்புத் தந்திகளைக் கொண்டவை. நரம்பின்மேல் உலோகக் கோலை வைத்தால் ஒலி விரைவில் மங்கிவிடும். உருக்குத் தந்தி வழக்குக்கு வந்தபின்னரே வழுக்கி வாசிக்கும் முறை இயலுவதாயிற்று. ஓவாகுத் தீவின் லாயியே என்னும் ஊரிற் பிறந்த யோசேப் கெக்கூக்கு (1874–1932) என்னும் இளைஞர், 1885க்கும் 1889க்கும் இடைப்பட்ட காலத்தில் இம்முறையை உருவாக்கினார் எனப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. அவர் முதலில் எதனைக் கொண்டு தந்தியைத் தேய்த்தார் என்பது பற்றிக் கத்தி, சீப்பு, இரும்பு ஆணி எனப் பல கதைகள் உள. நமக்கு முக்கியமானது அவர் தந்திகளைக் கழுத்திலிருந்து உயர்த்தினார் என்பதே. விரலால் அழுத்த வேண்டாதவிடத்துத் தந்தி எத்துணை உயரத்தில் நின்றாலும் எத்துணை விறைப்பாக இருந்தாலும் தடையில்லை. விரலின் நோவு அதுவரை தந்தியின் தடிப்புக்கு இட்டிருந்த எல்லை இவ்வாறு நீங்கியது. மேலும், பாரமான கோலைத் தாங்குவதற்குத் தந்தி விறைப்பாக நிற்றல் வேண்டும். தளர்ந்த மெல்லிய தந்தி கோலின் கீழ் அமிழ்ந்து சலசலக்கும். ஆக, தடித்த தந்தி இங்கு அனுமதிக்கப்பட்டது மட்டுமன்றித் தேவையும் ஆயிற்று.

ஹவாய் இராச்சியம் 1893இற் கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. கெக்கூக்கு 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் புறப்பட்டார். 1915இற் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா – பசிபிக் கண்காட்சியின் பின் ஹவாய் இசை அந்நாடெங்கும் ஒரு மோகமாயிற்று. அரசை இழந்த மக்களின் இசை, அவ்விழப்புக்குக் காரணமான நாட்டின் அரங்குகளிலே கைதட்டல் பெற்றது. அரங்குகள் பெரியவை; கிற்றாரின் குரலோ சிறியது. இதன் பின்னுள்ள ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளின் வரலாறு, ஒலியளவைக் கூட்டுவதற்கான போராட்டத்தின் வரலாறே எனலாம். கழுத்தையும் உட்குடைவாக்கிய வைசன்போர்ன் கிற்றார்களும், மூன்று அலுமினியக் கூம்புகளை உடலினுள்ளே வைத்து 1927இல் வெளிவந்த நஷனல் கிற்றாரும் இப்போராட்டத்தின் பேறுகள்.

இப்போராட்டத்திலே தடித்த தந்தியின் பங்கு யாது? தடித்த தந்தி உரத்தொலிக்கும் எனப் பொதுவாகக் கூறுவர். இக்கூற்று அரை உண்மையே. ஒரே விசையால் இரு தந்திகளை மீட்டினால், இழுவை மிகுந்த தடித்த தந்தி அதே அளவுக்குக் குறைவாகவே விலகும். குதிரையின்மேல் அது செலுத்தும் விசை ஏறத்தாழ மெல்லிய தந்தியினது போன்றதே. ஆயினும் தடித்த தந்தியை இன்னும் வலிந்து மீட்டலாம். மெல்லியது சுருதி பிறழ்ந்து சலசலக்கும் அடியை அது தாங்கிக்கொள்ளும். தடிப்புத் தந்தது ஒலியை அன்று. ஒலிக்காகக் கையைச் செலவிடுவதற்கான இடத்தையே.

நஷனல் கிற்றாரின் ஆக்கத்திலே பங்குகொண்ட ஜோர்ஜ் போஷம் தாமே ஓர் உருக்குக் கிற்றார் வாசிப்பாளர். கூம்புகள் தந்த ஒலியோடு அவர் மனநிறைவு கொண்டாரில்லை. 'பொரிசட்டி' எனச் செல்லப்பெயர் பெற்ற மின் கிற்றார் அவர் முயற்சியால் 1932இல் விற்பனைக்கு வந்தது. அதற்கான உரிமம் 1937இல் வழங்கப்பட்டது. உடலே ஒலிக்க வேண்டியதில்லாத வார்ப்பு அலுமினியக் கருவி அது. தந்திகளைச் சூழ இரண்டு இலாடக் காந்தங்கள். கீழே ஒரு கம்பிச்சுருள். 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் தத்துவம். மின் கிற்றார் எனும் வகையே உருக்குக் கிற்றாரிலிருந்து தோன்றியது என்பதும், தோளில் மாட்டும் மின் கிற்றார் அதன் இளையது என்பதும் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன.

மின்னின் வருகையாற் காற்றை அசைக்கும் பொறுப்பிலிருந்து தந்தி விடுபட்டது. காந்தப் புலத்தினுள் அசையும் இரும்பு என்பதே அதன் புதிய நிலை. எனவே தடிப்பின் பொருளும் மாறிற்று. சுருளிற் பிறக்கும் மின்னழுத்தம், புலத்திலுள்ள இரும்பின் குறுக்குவெட்டுப் பரப்பையும் அது அசையும் வேகத்தையும் சார்ந்தது. 11 தடிப்புத் தந்திக்குப் பதிலாக 12 தடிப்புத் தந்தியை இட்டால் இரும்பு ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். அதே வீச்சத்தில் அசைந்தால் கிடைப்பது ஒன்றரை டெசிபெல் மட்டுமே. அதுவும் ஒரே விசையால் மீட்டினால் கிடையாது. ஏனெனில் இழுவையும் அதே 19 சதவீதத்தாற் கூடி வீச்சத்தைக் குறைத்துவிடும். விரியலாக்கியின் குமிழைச் சிறிது திருப்பினால் இதனைப் பன்மடங்கு பெறலாம். ஒலியளவுக்காகத் தடித்த தந்தியைத் தேடும் வாசிப்பாளர், முப்பதுகளுக்கு முந்திய அரங்கொன்றின் நினைவை இன்றும் சுமப்பவர் என்றே கூறத் தோன்றுகின்றது. ஒரு தந்தி தன் அயல் தந்திகளோடு ஒத்த உரத்துடன் ஒலிக்கின்றதா என்பதே இங்கு பொருட்படுத்தத் தக்க வினா.

மிதிகளின் வரலாறு தனியாக எழுதத் தக்கது. இங்கு சுருக்கமாகவே கூறுவோம். 1940ஐ அண்டிக் கிப்சன் நிறுவனம் 'இலெக்ராகார்ப்' என்னும் மிதிக் கருவியை வெளியிட்டது. 1948இல் போல் பிக்ஸ்பி, ஸ்பீடி வெஸ்ற் என்னும் கலைஞருக்கு ஒரு மிதிக் கருவியைச் செய்து கொடுத்தார். எனினும், இவை பெரும்பாலும் ஒரு சுருதியமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வசதிக்கே பயன்பட்டன. 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த 'ஸ்லோலி' என்ற பாடலிலே பட் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு தந்தி அசையாது நிற்க, மற்றொன்று அதனை நோக்கி வழுக்கிச் செல்லும் அவ்வொலி கேட்போரை ஈர்த்தது. வாசிப்போர் பலர் தம் கருவிகளிலும் மிதி பூட்ட விரைந்தனர். அதன் பின் இவ்வொலி நாஷ்வில் நகரின் அடையாளமாயிற்று. 'ஹவாய்க் கிற்றார்' என்ற பெயர் பின்வாங்கி, 'உருக்குக் கிற்றார்' என்ற பெயர் நிலைத்தது. பெயரோடு கெக்கூக்குவும் பின்வாங்கினார் என்பதை வரலாற்று மாணவர் கவலையுடன் குறித்துக்கொள்ளுதல் தகும்.

மிதி வந்தபின் தந்தியின் முன் நின்ற கேள்வி, எவ்வளவு நீட்சியை அது தாங்கும் என்பதே. இன்றைய மூன்றாம் தந்தி ஜி-ஷார்ப் சுரத்தில் நிற்கும்; மீடிறன் 415. அங்குலம் 24¼ நீளமுள்ள 11 தடிப்புத் தந்திக்கு இதற்கு ஏறத்தாழ 28 இறாத்தல் இழுவை வேண்டும். மிதியை அழுத்தினால் அது ஏ சுரத்துக்கு, அதாவது 440க்கு ஏறும்; இழுவை 32 இறாத்தலை அணுகும். இந்நிலையிலே தகைப்பு, சிறந்த இசைக்கம்பி தாங்கும் எல்லையின் நாலில் மூன்று பங்கையும் கடந்து நிற்கின்றது. அதோடு, குதிரையின் வளைவிலே அதே புள்ளி ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை மடங்கி நிமிர்கின்றது. மூன்றாம் தந்தி அறுவது இக்கருவியை வாசிப்போரின் மாறாத முறைப்பாடு. தடிப்பைக் கூட்டுவது மருந்தன்று என்பதை மேலே கண்டோம். எண்ணிப் பார்த்தால், மிதி உருக்குக் கிற்றார்களின் நீளம் 24 அங்குலத்தை ஒட்டியே நிலைபெற்றதற்கு இந்த ஒரு தந்தி முக்கிய காரணமாக இருந்திருத்தல் வேண்டும். மின் கிற்றாரின் தொடக்க காலத்திலே 22½ அங்குலமும் 25 அங்குலமும் ஒருங்கே விற்பனையாயின. அப்போது தெரிவு வாசிப்பவரின் விருப்பம். மிதி வந்தபின் தெரிவைக் கம்பியே செய்தது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 13, 15 ஆகிய முதலிரு எண்களையும் மறைத்துவிட்டு எஞ்சியவற்றை நோக்குக: 11, 14, 17, 20, 26, 30, 34, 38. ஒழுங்கு எவ்விதப் பிறழ்வுமின்றி மீண்டுவிடுகின்றது. முன்னைய எட்டுத் தந்திக் கருவியின் வடிவம் இதுவே. 1962இல் பட்டி எமன்ஸ், எஃப்-ஷார்ப், டி-ஷார்ப் ஆகிய இரு சுரங்களுக்குரிய தந்திகளைப் புதிதாகச் சேர்த்தார். படிப்படியான இசைக்கோவைகளை, கோலை அதிகம் நகர்த்தாமலே வாசிப்பதற்கு இவை உதவின. இவற்றைச் சுருதி ஒழுங்குப்படி இடையிலே செருகியிருந்தால், விரல்கள் ஆண்டுக்கணக்கிற் பழகியிருந்த தந்தி இடைவெளிகள் யாவும் குலைந்திருக்கும். ஆகவே அவை மேற்புறத்திலே, பழைய முதற்றந்திக்கு அப்பால் வைக்கப்பட்டன எனக் கொள்வதே பொருத்தமாகும். பழைய கோயிலுக்குப் பிற்காலத்தில் மண்டபம் கட்டியவர் கருவறையைத் தொடாது முன்புறத்திற் கட்டிச் சென்றது போன்றது இது. தந்திப் பொட்டலத்தின் மேலுறையில் அச்சிட்ட எண்கள், எது முந்தியது எது பிந்தியது என்பதை இவ்வாறு சொல்லிவிடுகின்றன.

இந்தப் புதிய ஒழுங்கு பொறியியலிலும் ஒரு தேவையை உண்டாக்கியது. கோல் நேரானது, தந்திகள் பல தடிப்பின. தந்திகளின் அடிப்பகுதி ஒரே மட்டத்தில் இருந்தால், 15 தடிப்புத் தந்திக்கு அருகில் நிற்கும் 11 தடிப்புத் தந்தி கோலைச் சரியாகத் தொடாது சலசலக்கும். தலைப்புறத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு உருளைகளின் பள்ளங்கள், ஒவ்வொன்றின் தடிப்புக்கும் ஏற்ப வெவ்வேறு ஆழத்தில் வெட்டப்படுகின்றன. அதனால் தந்திகளின் மேற்பகுதிகள் ஒரே மட்டத்தில் அமைகின்றன. தடிப்பை மாற்ற விரும்பும் வாசிப்பாளர் உருளையையும் மாற்ற நேரலாம். 1960களில் விரலால் அழுத்தி வாசிக்கும் கிற்றார்க்காரர் மெல்லிய தந்திகளை நோக்கிப் பெருந்தொகையாகச் சென்றபோது உருக்குக் கிற்றார்க்காரர் அவ்வழியே செல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம். கோலைத் தாங்க வேண்டிய இழுவை மற்றொன்று.

தொனியைப் பொறுத்தவரையில் தடிப்பின் செல்வாக்கு ஒலியளவிலும் ஆழமானது. தந்தி முற்றிலும் நெகிழ்வானதன்று. அதற்கும் ஒரு விறைப்பு உண்டு. அதனால் மேற்றொனிகள் தத்தம் சரியான இடத்திலிருந்து சற்றே மேலேறி நிற்கும். ஒரே சுருதியிலே தடிப்பு இருமடங்கானால் இப்பிறழ்வு நான்கு மடங்காகும். கோலை வழுக்கித் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதுவும் நான்கு மடங்காகும். இழையாற் சுற்றப்படாத தடித்த வெறுந்தந்தி, கோல் உயரச் செல்லச் செல்லத் தன் தெளிவை இழந்து கட்டையொலி தருவது இதனாலேயே. மெல்லிய உட்கம்பியின்மேல் வேறொரு கம்பியைச் சுற்றி, விறைப்பைக் கூட்டாது திணிவை மட்டும் கூட்டும் உத்தி பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டது. இக்கருவியிலே ஏழாம் தந்தி முதல் கீழுள்ளவை யாவும் சுற்றுத்தந்திகள். இதன் இணைக்கழுத்தாக அமையும் சீ-ஆறு சுருதியமைப்பிற் கடைசித் தந்தி 70 தடிப்பு வரை செல்லும்.

ஆறாம் தந்தியே எல்லைக்கோட்டில் நிற்பது. வாசிப்போரிடையே முடிவுறாத வழக்குக்கு உரியதும் அதுவே. மூன்றாம் தந்திக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே அது நிற்கின்றது. ஒரே மிதி இரண்டையும் அரைத்தொனி உயர்த்துகின்றது. வெறுந்தந்தியாயின், வேண்டிய நீட்சி தடிப்பைச் சார்ந்ததன்று. சுருதியையும் நீளத்தையுமே சார்ந்தது. கணித்துப் பார்த்தால், மூன்றாம் தந்தி ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் நீள வேண்டியவிடத்து, ஆறாம் வெறுந்தந்திக்கு அதன் காற்பங்கான 0.2 மில்லிமீற்றரே போதும். இத்துணைச் சிறிய நீட்சியில் மயிரிழை அளவான பிழையும் காதுக்குப் புலப்படும். கருவி சிறிது வெப்பமடைந்தாலும் முதலிற் சுருதி தவறுவது இத்தந்தியே. சுற்றுத்தந்தியாயின், இழுவையைத் தாங்கும் உட்கம்பி மெல்லியதாகையால் அது கூடுதலாக நீளும். சுருதி உறுதியாக நிற்கும். தொனியும் ஏழாம் தந்தியோடு இயைந்து மென்மையாகும். ஆனால் அதனை முழுத்தொனி தாழ்த்தும் நெம்பு மிகத் தொலைவு செல்ல வேண்டிவரும். சில பழைய கருவிகளில் நெம்பு அவ்வளவு தொலைவு செல்லாது. 20 தடிப்பு வெறுந்தந்தி கொண்ட தொகுதிகளும் 22 தடிப்புச் சுற்றுத்தந்தி கொண்ட தொகுதிகளும் இன்றும் அருகருகே விற்பனையாகின்றன. ஆறாம் தந்தி எவ்வகையது என்று பார்த்தே வாசிப்போர் பொட்டலத்தைக் கையில் எடுக்கின்றனர்.